அலைகரையில் வெங்காயம்

எங்கள் குளத்துக்குத் திரும்பும் சந்தியில் இப்போது ஒரு பெரிய பலகை நிற்கிறது. ஈரநிலம், காலநிலை, தாங்குதிறன் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "அம்மா, நீங்கள் அந்தக் காலத்திலை குளத்து வேலை செய்தனீங்களாம். சனத்தை எப்பிடிச் சேர்த்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இல்லை, உங்கள் கையாலேயே வேண்டும் என்றார்கள். சரி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் வேறு ஏதாவது வாசிக்கட்டும்.

என் பெயர் ராமாயி. மலையில் கொழுந்து எடுத்த குடும்பம். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, முல்லைத்தீவுப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தோம். எங்கள் குளத்தை நாவலடிக்குளம் என்பார்கள். சின்னக் குளம். குளத்தடியில் பரம்பரையாக இருந்த ஊர்ச் சனத்துக்குக் கீழே வயல் இருந்தது. வந்தேறிய எங்களுக்கு மேட்டுக் காணிதான். குளத்தில் புல்லுப் பிடுங்க எங்களைக் கூப்பிடுவார்கள். குளத்தைப் பற்றிக் கதைக்கக் கூப்பிட மாட்டார்கள்.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. தூர்ந்துபோன சின்னக் குளங்களைத் திருத்துகிற வேலை. கூலிக்குப் பதில் மாவும் பருப்பும் சீனியும். வேலைக்கு வந்த பெண்கள் நான் சொன்னால்தான் நிற்பார்கள், நான் சொன்னால்தான் நடப்பார்கள் என்று கண்டுகொண்டு, என்னையே ஊர்ப் பணியாளராக எடுத்தார்கள். பயிற்சி என்று வவுனியாவுக்கு அனுப்பினார்கள். சுவரில் கலர் மட்டைகள் ஒட்டினோம். மதியம் நல்ல சாப்பாடு. எனக்குப் பயிற்சி கிடைத்தது அங்கே இல்லை, சோமசுந்தரம் ஐயாவிடம்.

ஐயா நீர்ப்பாசனப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து மனிதர். நிறுவனம் அவரைக் குளங்களுக்கு மேற்பார்வைக்கு வைத்திருந்தது. சைக்கிளில் வருவார். கைப்பிடியில் குடை, பின்னால் ஒரு வெறும் கண்ணாடிப் போத்தல். வந்ததும் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விடுவார். யாரிடமும் நின்றபடி கதைக்க மாட்டார். எதிரில் இருப்பவர் நிலத்தில் இருந்தால் இவரும் குந்திவிடுவார். கூலிக்கு மண் சுமக்கும் பெண்ணுக்கும் "சொல்லுங்கோ" தான். முப்பது வருஷம் தோட்டத்தில் துரையும் கங்காணியும் "ஏய்" என்று கூப்பிட்டுக் கேட்ட எனக்கு, முதல் நாள் அவர் "ராமாயி அம்மா, இப்பிடி இருங்கோ" என்றபோது எங்கே இருப்பது என்று தெரியவில்லை.

அவர் கட்டுப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். குளத்தின் கட்டு என்றால் அணை. எல்லாரும் கட்டின் மேல் நடந்து பார்ப்பார்கள். ஐயா கட்டுக்கு வெளியே, வயல் பக்கம், அடியில் நடப்பார், வெறுங்காலோடு. எங்கே மண் குளிர்கிறதோ அங்கே நிற்பார். குந்தி, உள்ளங்கையை வைப்பார். கசிகிற தண்ணீரைப் போத்தலில் பிடித்து வெயிலுக்கு நேரே பிடிப்பார். "தண்ணி தெளிவா வந்தாப் பயம் இல்லை, கட்டு வேர்க்குது, அவ்வளவுதான். கலங்கி வந்தா உள்ளுக்கை மண்ணைத் தின்னுது எண்டு அர்த்தம்" என்பார். அதற்குப் பிறகுதான் மண்வெட்டி. அது யுத்தக் காலம், தடை போட்டிருந்ததால் சீமெந்து வன்னிக்குள் வராது. "சீமெந்து இல்லையே ஐயா" என்று யாராவது இழுத்தால், "இந்தக் குளம் கட்டினவை மட்டும் சீமெந்துக் கடையிலை நிண்டவையோ?" என்று சிரிப்பார்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துச் சனம் சண்டைக்குப் பயந்து கடல் கடந்து வன்னிக்கு வந்து, கிளிநொச்சியிலும் இருக்க முடியாமல் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்த காலம். மாரி மழை ஏமாற்றிவிட்டது. தை மாதத்திலேயே குளம் இறங்கி, கட்டடியிலும் நடுப் பள்ளமான மடுவிலும் மட்டும் தண்ணீர் நின்றது.

குளம் நிறைந்தால் தண்ணீர் போய்த் தொடுகிற காட்டுப் பக்க ஓரத்தை அலைகரை என்பார்கள். எங்கள் குளத்தின் அலைகரை முழுக்கப் பன். பாய் இழைக்கிற கோரை அது. அதற்குப் பின்னால் மருத மரங்கள். ஊர்ச் சனம் பன்னை அறுக்கும்போது முழங்காலுக்கு மேலேதான் அறுப்பார்கள், வேரைத் தொட மாட்டார்கள். அலைகரையில் மண்வெட்டி வைப்பதும் இல்லை. ஏன் என்று கேட்டால் ஐயனார் கோபிப்பார் என்பார்கள். ஐயாவிடம் கேட்டேன். "ஐயனார் காரணம் இல்லாமல் கோவிக்கிற ஆள் இல்லை, ராமாயி அம்மா. காட்டிலை இருந்து வாற மண்ணை அந்தப் பன்தான் மறிக்குது. அது இல்லாட்டி முதல் மழையோடை சேறு முழுக்க நடு மடுவுக்கை போய் இருக்கும். பிறகு கோடையிலை மாட்டுக்குத் தண்ணி எங்கை, விராலுக்கு இடம் எங்கை?"

அந்த அலைகரையில்தான் ஒரு காலை பச்சைப் பசேலென்று வெங்காயப் பாத்திகள் தெரிந்தன.

போட்டவள் புவனேஸ்வரி. உரும்பிராய்ப் பெண். மருதமரத்தடியில் தறப்பாள் கூடாரம் கட்டி, இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் இருந்தாள். புருஷன் வரும் வழியில் பிரிந்தவர், தகவல் இல்லை. அவளோடு வேறு நாலு குடும்பம், எல்லாம் சொந்தக்காரர். பன்னை வேரோடு பிடுங்கி, மண்ணைப் பஞ்சாகக் கொத்தி, மடுவிலிருந்து வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றியிருந்தார்கள். என்ன உழைப்பு! நானும் உழைத்தவள்தான், எனக்கு அந்தப் பாத்தியின் ஒழுங்கைப் பார்த்ததும் மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஐயாவும் நானும் போனோம். ஐயா பாத்திக்குப் பக்கத்தில் குந்தினார். அலைகரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்ன இனம் பிள்ளை? வேதாளனோ?"

"ஓம் ஐயா, வேதாளன்தான். உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாமலோ. விதை எங்காலை?"

"நடுகைக்கு எண்டு வீட்டிலை கட்டி வைச்சிருந்தது. மடியிலை கட்டிக்கொண்டு வந்தனான். நகைப் பெட்டியை விட்டிட்டு வந்திட்டன் ஐயா, இதை விடேல்லை."

மாமியார் தறப்பாளுக்குள்ளிருந்து, "நகையை எடுத்திருந்தா இப்ப அரிசியாவது வாங்கியிருக்கலாம். வெங்காயத்தை எடுத்தாளாம்!" என்று சத்தம் போட்டா.

"மாமி, நகை முளைக்காது. சும்மா இருங்கோ" என்றாள் புவனம்.

 திரும்பி வரும் வழியில் ஐயா சொன்னார்: "அந்தப் பிள்ளையை அதிலையிருந்து எழுப்பத்தான் வேணும். ஆனா எழுப்பி எங்கை இருத்துறது எண்டு தெரியாமல் எழுப்பக் கூடாது."

எழுப்ப ஊரே தயாராக இருந்தது. கந்தப்பர் என்று ஒரு வட்டவிதானையார் இருந்தார். குளத்துக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான ஊர்ப் பெரியவரை அப்படிச் சொல்வார்கள். துருசு என்கிற மதகைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் கை. மடுத் தண்ணீரை வெங்காயம் குடித்தால் மாடு எதைக் குடிக்கும் என்று அவருக்குக் கொதிப்பு. அதில் பிழை இல்லை. நாலு இளந்தாரிகள் மாடுகளை அவிழ்த்துப் பாத்திக்குள் விடுவோம் என்று கதைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

பங்குனியில் பிள்ளையார் கோயில் முன்றலில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை விதைப்புக்கு, கூட்டம் நடந்தது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் வயலை விதைக்க முடியாது. கட்டுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் எடுத்து, அது யாருடையதாக இருந்தாலும், பங்கு வைத்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். கேட்கும்போதே நல்ல முறை. ஆனால் அந்தப் பங்கு யாருக்கு? குளக்கட்டில் ஒரு துண்டைப் பராமரிக்கிறவருக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டில் ஒரு நீளம் இருக்கிறது. வருஷா வருஷம் அதற்கு மண் போட்டு, புல் பதித்து, எலிப் பொந்து அடைக்க வேண்டும். செய்கிறவனுக்குத் தண்ணீரில் பங்கு.

நான் எழும்பினேன். என் பேச்சு தோட்டத்துப் பேச்சு, அதை நான் யாருக்காகவும் மாற்றினதில்லை.

"விதானையாரே, அந்த அஞ்சு குடும்பத்துக்கும் ஒரு பங்கு குடுங்க. அலைகரைய விட்டு அவங்களே எந்திரிச்சு வந்துருவாங்க."

"பங்கு கட்டுக்கு, ராமாயி. கட்டு இல்லாதவைக்குப் பங்கு இல்லை. இது நான் செய்த சட்டமே?"

"போன வருசம் கட்டுக்கு மண்ணு சொமந்தது யாரு? கட்டு இல்லாத எங்க பொம்பளைங்கதானே?"

"அது மாவுக்கும் பருப்புக்கும் சுமந்தது. கூலி வாங்கிப் போட்டு முடிஞ்சுது. அதுக்குப் பங்கு கேக்கேலாது."

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "உனக்கே கட்டு இல்லை. நீ ஆருக்கு வந்து பங்கு கேக்கிறாய்?"

சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். "எனக்குன்னு கேட்டா நாக்கு கூசும் தம்பி. அடுத்தவங்களுக்குக் கேக்க எனக்கென்னா கூச்சம்?" என்றேன். சிரிப்பு நின்றது. விதானையார் பக்கம் திரும்பினேன். "சரிங்க. கூலி வாங்காம, ஒரு சுண்டு மாவு வாங்காம மண்ணு போட்டா?"

 நேர்மையான மனிதர், அதனால்தான் மாட்டிக்கொண்டார். "போட்டாச் சரிதான். ஆனா எந்தக் கட்டுக்குப் போடுறது? எல்லாத் துண்டுக்கும் ஆள் இருக்கு."

"பழைய துருசுக்குப் பக்கத்துல?"

அது சிற்றம்பலம் என்பவரின் குடும்பத் துண்டு. அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம். ஒருவரும் தொடாமல் தாழ்ந்து கிடந்தது. ஐயாவின் போத்தலில் கலங்கல் வந்த இடமும் அதுதான்.

"அவை திரும்பி வந்தா?" என்று கேட்டார் ஒருவர்.

"வந்தாக் கதைப்பம்" என்றார் விதானையார். பிறகு என்னைப் பார்த்து, "வைகாசியிலை வாற வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் விதைச்சு முடிக்க வேணும். சித்திரையிலை தண்ணி திறப்பன். அதுக்கிடையிலை அந்தக் கலங்கல் நிக்க வேணும். நிக்காட்டி, பங்கும் இல்லை, பாத்தியும் இல்லை. சம்மதமோ?" என்றார்.

ஐயா கூட்டம் முழுக்க ஒரு மூலையில் இருந்தார். வாயே திறக்கவில்லை. பிறகு ஏன் என்று கேட்டேன். "நான் கதைச்சிருந்தா அது நிறுவனத்தின்ரை முடிவு. இப்ப அது குளத்தின்ரை முடிவு" என்றார். அதை நான் என் வேலைக்காலம் முழுவதும் மனதில் வைத்திருந்தேன்.

புவனத்திடம் போய்ச் சொன்னேன். அவள் வெங்காயத்தைத்தான் பார்த்தாள். "இன்னும் தலை கட்டேல்லை அக்கா. இப்பப் பிடுங்கினா வெறும் தாள். விதைக்கும் இல்லாமப் போயிடும். உரும்பிராயிலை இப்ப ஒரு குஞ்சு குருமன் இல்லை. இது போனா இந்த இனம் எங்கடை வீட்டிலை முடிஞ்சுது."

"மொதல்ல கட்டுக்கு வா. வெங்காயத்த அப்புறம் பாப்போம்."

"கட்டு நிண்டா விதைக்கு விடுவினமோ?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "தெரியாதும்மா. கட்டு நிக்காட்டி விடமாட்டாங்க, அது தெரியும்" என்றேன்.

ஐந்து பெண்களும் வந்தார்கள். அன்று ஐயா வேறு குளத்துக்குப் போயிருந்தார். எனக்கும் நிவாரண வேலை. மாலையில் போய்ப் பார்க்கிறேன், துண்டில் பாதி முடிந்திருக்கிறது! அழகென்றால் அப்படி ஓர் அழகு. சல்லடையில் அரித்தது போல் மண். கட்டி இல்லை, கல் இல்லை. மக்கின சருகும் மாட்டெருவும் கலந்து, மேலே தட்டி, ஓரம் சீவி விட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் நல்ல மண் என்றால் அதுதான். விரலை வைத்தேன், மணிக்கட்டு வரை போனது.

விதானையார் கட்டின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளையள், கட்டிலையும் வெங்காயம் வைக்கப் போறியளோ?" என்றார். இளந்தாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

புவனத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "நல்ல மண்தானே போட்டனாங்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்ல மண்ணுதான்மா. வேர் போக நல்ல மண்ணு. தண்ணி போகவும் நல்ல மண்ணு."

அடுத்த நாள் போத்தலில் பிடித்தால் முன்பை விடக் கலங்கல். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கையாலை எத்தினை பரப்புத் தோட்டம் செய்தனாங்கள், இங்கை வந்து பேயராகிப் போனம்" என்று தலையில் அடித்துக்கொண்டா. ஐயா சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார். "அம்மா, இது பொன் மண். வீணாக்காதேங்கோ, வீட்டுப் பக்கம் ஒரு கத்தரிக்கண்டுக்குப் போடுங்கோ" என்றார். அவ்வளவுதான். பிழை என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு காட்டித் தந்தார். போட்டதை எல்லாம் அள்ளி, பழைய கட்டில் படி படியாக வெட்ட வேண்டும். சரிவில் அப்படியே மண்ணைப் போட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது. படியில் போட்டால் பிடிக்கும். மண் குளத்துக்குள்ளிருந்து, கட்டை விட்டுத் தள்ளிக் காய்ந்து கிடக்கும் களிமண். அதோடு புற்று மண். கையில் உருட்டினால் உருண்டையாக நிற்க வேண்டும், எறிந்தால் உடையக் கூடாது. ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, தண்ணீர் தெளித்து, கட்டையால் இடிக்க வேண்டும். பிறகு அடுத்த சாண். அவசரப்பட்டு இரண்டு சாண் போட்டால் மேலே இறுகும், உள்ளே பொலபொலவென்று கிடக்கும்.

அவர்கள் இடித்தார்கள். கை கொப்பளித்து, துணி சுற்றி இடித்தார்கள். இடையில் வானத்தில் விமான இரைச்சல் கேட்டால் கட்டின் அடியில் படுப்போம், போனதும் எழும்பி இடிப்போம். களி கனம், பஞ்சு மண் சுமந்த தலைக்கு அது பாறை போல இருக்கும். என்னோடு தோட்டத்திலிருந்து வந்த செல்லாயி, பட்டியலில் பெயர் போட்டு மாவு கொடுக்கிற வேலைக்கு மட்டும்தான் வருவேன் என்று நின்றவள், ஒரு நாள் பேசாமல் வந்து கூடையைப் பிடித்தாள். "ஒனக்கு மாவு கெடையாது தெரியுமில்ல?" என்றேன். "ஒன் மூஞ்சியப் பாக்கவே வந்தேன், போ" என்றாள். அடுத்த நாள் எங்கள் பெண்கள் இன்னும் சிலர். அதற்கும் அடுத்த நாள், எனக்கே நம்ப முடியவில்லை, விதானையார் தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். கட்டின் மேல் ஏற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடத்தினார். எருமைக் கால் இடிப்பது போல மனிதக் கை இடிக்காது.

"ஏன் விதானையார், எங்களுக்கு உதவி செய்யிறியள்?" என்று புவனம் வாயாடினாள்.

"உனக்கு ஆர் செய்தது? கட்டுக்குச் செய்யிறன்" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

புல் பதித்து முடிந்த பின் சில நாள் விட்டோம். பிறகு ஐயா போத்தலை விதானையார் கையில் கொடுத்தார். அவரே குந்தி, கசிவில் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மருதமரம் தெளிவாகத் தெரிந்தது. ஐயா மெல்லச் சிரித்தார். விதானையார் போத்தலை வாயில் வைத்துக் குடித்துவிட்டார்.

பிறகு அலைகரைக்கு நடந்தார். நாங்களும் பின்னால். புவனம் பாத்திக்குள் போய் நின்றுகொண்டாள், கையைக் கட்டிக்கொண்டு. விதானையார் ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிப் பார்த்தார். தாள் பெரிது, தலை சின்னது.

"இன்னும் எவ்வளவு நாள் வேணும்?"

"மூண்டு கிழமை இருந்தாக் காணும் ஐயா. விதைக்கு எடுக்கலாம்."

அவர் மடுவைப் பார்த்தார். மாடுகள் சேற்றில் நின்று குடித்துக்கொண்டிருந்தன. "எல்லாத்துக்கும் மடுத் தண்ணி தரேலாது. மற்றதெல்லாம் இண்டைக்கே பிடுங்கு. விதைக்கு ஒரு பாத்தி விடுறன். மருந்து அடிக்கக் கூடாது, ஒரு நாளைக்கு ஒரு வாளிக்கு மேலை அள்ளவும் கூடாது. ஐயனாருக்கு நான் சொல்லுறன்."

அவள் அழவில்லை. குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் விதானையாரின் பெண்சாதி கடகத்தோடு வந்தா. "பிள்ளை, தாளை எறிஞ்சு போடாதை. எனக்குத் தா, சட்டியிலை சுண்டினா நல்லாயிருக்கும்" என்று சொல்லி, கடகத்திலிருந்த குரக்கன் தானியத்தைப் புவனத்துக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டுத் தாளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனா. அதைப் பார்த்து வேறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். பிடுங்கின இடத்தில் பன் வேரைத் திரும்ப நட வேண்டும் என்றார் ஐயா. நட்டார்கள். போய்ப் பார்த்தால் கயிறு பிடித்தது போல் வரிசை வரிசையாக, சாணுக்கு ஒன்று. கோரைக்கு வரிசை கட்டின ஆட்களை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

சித்திரையில் தண்ணீர் திறந்தார்கள். விதானையார் துருசடியில் தேங்காய் உடைத்து, கதவைத் தூக்கினார். எங்கள் குளத்தில் பங்குக்குத் தண்ணீர் விடுவது ஒவ்வொன்றாகத்தான். கட்டின் மேல் நின்று விதானையார் பங்கின் பெயரைக் கூப்பிடுவார். உரியவர் சத்தம் கொடுத்து, தன் வாய்க்காலை வெட்டித் திறக்க வேண்டும். சத்தம் வராவிட்டால் தண்ணீர் அடுத்த பங்குக்குப் போய்விடும். அந்தப் பெயர்கள் எல்லாம் செத்துப்போன ஆட்களின் பெயர்கள். "சின்னத்தம்பி பங்கு!" என்றால் சின்னத்தம்பியின் பேரன் "ஓம்!" என்பான். "வேலாயுதம் பங்கு!" என்றால் வேலாயுதத்தின் மருமகன். ஆகவே பழைய துருசுத் துண்டு வரும்போது "சிற்றம்பலம் பங்கு" என்றுதான் வரும் என்று எங்களுக்குத் தெரியும். புவனத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன்: "அந்தப் பேர் வந்தா நீ சத்தம் குடு. யாரோ ஒருத்தர் பேருதான், அதப் பத்தி யோசிக்காத. தண்ணிதானே வேணும்."

அவள் முழங்கால் சேற்றில், மண்வெட்டியோடு காத்து நின்றாள். சேற்று வயலில் இறங்கினது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பின்னால் வரம்பில் மற்ற நாலு பெண்களும் பிள்ளைகளும். மாமியார் கூட வந்திருந்தா.

ஒவ்வொரு பெயராக வந்தது. வேலாயுதம் பங்கு முடிந்தது. விதானையார் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.  பிறகு முன்பை விட உரத்துக் கூப்பிட்டார்.

"புவனேஸ்வரி பங்கு!"

 அவள் இன்னும் சிற்றம்பலத்தின் பெயரைக் காத்துக்கொண்டு நின்றாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலச் சுற்றிப் பார்த்தாள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் அவள் வரம்பைத் தாண்டப் பார்த்தது.

"அடியேய், ஒன்னத்தான்!" என்று நான் கத்தினேன். "சத்தம் குடுடி, தண்ணி போயிரும்!"

"ஓம்!" என்றாள். கட்டு வரை அது கேட்டிருக்காது. கட்டைப் பார்த்து மறுபடி, "ஓம் ஐயா! நிக்கிறன்!" என்று கத்தி, மண்வெட்டியை ஓங்கி வாய்க்காலில் போட்டாள்.